கஸ்தூரியம்மா கழுவ வேணாம்னு சொன்ன மோதிரம்

உட்காருங்க பசங்களா. கவுன்ட்டருக்குப் போனா நாள் பூரா நிக்கத்தான் போறீங்க, இப்பவாவது உட்கார்ந்து கேளுங்க.

முதலாளி போன் பண்ணி, "நூரம்மா, புதுசா வந்திருக்கிற பிள்ளைங்களுக்கு வைரத்தைப் பத்திக் கொஞ்சம் சொல்லிட்டுப் போங்களேன்"ன்னாரு. வைரத்தைப் பத்தி நான் இன்னா சொல்றது? கேரட்டு, கலரு, கட்டிங்கு எல்லாம் உங்க கையில இருக்கிற போன்லயே வருது. எனக்கு முட்டி வலி வந்து வேலையை விட்டதுக்கு அப்புறம் இந்தக் கடையில ஏதேதோ மிஷினு வாங்கிப் போட்டிருக்காங்க. அதுங்க பேரு கூட எனக்குத் தெரியாது. அதனால அதெல்லாம் நான் சொல்ல மாட்டேன். ஒரு நிச்சயதார்த்த மோதிரத்துல இருந்த வைரத்தை மாத்துறதா வேணாமான்னு ஒரு நாள் பூரா நான் தவிச்ச கதையைச் சொல்றேன். நீங்க வைர கவுன்ட்டர்ல நிக்கப் போறீங்க, அந்த மாதிரி ஒரு நாள் உங்களுக்கும் வரும். அப்ப மிஷினு எதுவும் கை குடுக்காது.

முதல்ல நம்ம ஊரு ஜனங்களைத் தெரிஞ்சிக்கோங்க. தங்கம்னா எடை போட்டு, பில் போட்டு, பையில வெச்சிக்கிட்டு போயிட்டே இருப்பாங்க. வைரம்னா அப்படி இல்ல. கல்லை வீட்டுக்கு எடுத்துட்டுப் போயி வெச்சிப் பார்ப்பாங்க. சின்னத் துணியில முடிஞ்சி சாமி ரூம்ல வைக்கிறவங்க உண்டு, தலகாணிக்கு அடியில வெச்சிப் படுக்கிறவங்க உண்டு. அந்த நாளுங்கள்ல வீட்ல நல்லது நடந்தா கல்லு ஒத்துக்கிச்சுன்னு அர்த்தம். கெட்டது எதுனா நடந்தா ஒத்துக்கல, திருப்பிக் கொண்டாந்துடுவாங்க. கல்லுக்குள்ள கரும்புள்ளி இருந்தா வீட்டுக்கு ஆகாதுன்னும் ஒரு பயம் இருக்குது. வீட்ல கோழி செத்துப் போச்சுன்னு கல்லைத் திருப்பிக் குடுத்தவங்க இருக்காங்க. கரண்ட் போயி ராத்திரி பூரா வரலைன்னு குடுத்தவரு ஒருத்தரு. தெரு பூரா கரண்ட் போச்சேண்ணே, எல்லார் வீட்லயும் நம்ம கல்லா இருந்துச்சுன்னு கேக்க எனக்கு வாயி துடிச்சிச்சு. கேக்கல. வாங்கி வெச்சிக்கிட்டு டீ சொன்னேன்.

நான் முஸ்லிம் வீட்டுப் பொண்ணு, எங்க வீட்ல இந்தப் பழக்கம் கிடையாது. ஆனா கவுன்ட்டர்ல நின்ன காலம் பூரா இதுக்காக ஒருத்தரைப் பார்த்து நான் சிரிச்சதில்ல. வீட்டுக்குப் போயி சிரிச்சிருக்கேன், அது வேற விஷயம். கல்லை வெச்சிப் பார்க்கிறவங்க நம்மளை நம்பாம அப்படிச் செய்யல. நாளைக்கு இன்னா ஆகுமோன்னு பயம் இல்லாத வீடு எங்க இருக்குது?

இப்ப விஷயத்துக்கு வரேன்.

கஸ்தூரியம்மாவுக்கு ஊரு அனந்தபுரம். கொஞ்சம் நிலம் இருக்குது, மல்லாட்டைப் பயிரு, அதான் வேர்க்கடலை, போடுவாங்க. வீட்டுக்காரரு போயி ரொம்ப வருஷம் ஆச்சு, திண்டிவனம் ரோட்ல லாரி அடிச்சிப் போனாரு. அப்ப கையில இருந்த ஒரே பிள்ளை தினேஷ். அந்தப் பையனை வளர்த்து, படிக்க வெச்சி, இப்ப அவன் நம்ம பஸ் ஸ்டாண்டு பின்னாடி மோட்டாருக்கு காயில் கட்டுற கடை வெச்சிருக்கான். அவன் கட்டிக்கப் போற பவித்ரா தொண்டூர்ப் பொண்ணு. நம்ம கடைக்கு நாலு கடை தள்ளி மெடிக்கல்ல வேலை பார்க்கிறா. காயில் கட்டுறவன் கை எப்பவாவது சுடும்தான், ஆனா தினமுமா சுடும்? தினமும் போயி தீக்காயத்துக்கு மருந்து வாங்கியிருக்கான். மெடிக்கல்காரருக்கே புரிஞ்சிப் போச்சு, எங்களுக்குப் புரியாதா. ரெண்டு வீட்லயும் சொல்லி, பேசி, சம்மதமும் ஆயிடுச்சு.

நிச்சயத்துக்கு மோதிரம் எடுக்க அம்மாவும் பிள்ளையுமா வந்தாங்க. கல்லைத் தேர்ந்தெடுத்தது கஸ்தூரியம்மாதான். பையன் ஒவ்வொரு கல்லையும் போட்டோ எடுத்து நாலு கடை தள்ளி அனுப்பிக்கிட்டு இருந்தான். சின்னக் கல்லு, ஆனா சுத்தமான கல்லு. சர்டிபிகேட்டு குடுத்தேன், அதை மடிச்சிப் பையில போட்டுக்கிட்டு, "இது கிடக்கட்டும்மா, நான் வீட்ல வெச்சிப் பார்த்துட்டு வரேன்"னு எடுத்துட்டுப் போனாங்க. திரும்பி வந்தப்ப முகம் பூரா சிரிப்பு. ரொம்ப நாளா இழுத்துக்கிட்டிருந்த வரப்புச் சண்டை அந்த வாரம்தான் தீர்ந்துச்சாம். கல்லு எங்க வீட்டுக்கு ஒத்துக்கிச்சும்மா, மோதிரம் பண்ணிடுன்னாங்க. பண்ணிக் குடுத்தோம். நிச்சயதார்த்தமும் நடந்துச்சு, தினேஷு ஸ்டேஜ்ல மோதிரம் போடுற போட்டோவை பவித்ரா என் போனுக்கு அனுப்பினா. கை ரெண்டும் முழங்கை வரைக்கும் மருதாணி.

கல்யாணத்துக்கு நாள் குறிச்சாச்சு. அதுக்குள்ள தினேஷு வண்டியில விழுந்துட்டான். அதே திண்டிவனம் ரோடு. நாய் குறுக்க வந்து, பிரேக் அடிச்சி, வண்டி சாய்ஞ்சி, காலு ஒடிஞ்சி உள்ள பிளேட்டு வெச்சிட்டாங்க. உயிருக்கு ஒண்ணும் இல்ல. ஆனா கல்யாணம் தள்ளிப் போச்சு. ஊரு வாயி திறந்துச்சு.

அதுக்கு அப்புறம் ஒரு நாள் சாயங்காலம், நல்ல முகூர்த்த சீசன், கடையில கால் வைக்க இடம் இல்ல. கஸ்தூரியம்மா வந்தாங்க. கூட அவங்க நாத்தனாரும் வந்தாங்க, செத்துப் போன வீட்டுக்காரருக்கு அக்கா. அந்த அம்மா பேசினா வாசல்ல செருப்பு விடுறவனுக்கும் கேக்கும். நாத்தனார்தான் மோதிரத்தை என் முன்னாடி தட்டுல வெச்சாங்க. பொண்ணு வீட்டுக்கு ஆள் அனுப்பி, செக் பண்ணணும்னு சொல்லி மோதிரத்தை வாங்கிட்டு வந்திருக்காங்க. கஸ்தூரியம்மா ஸ்டூல்ல உட்கார்ந்து முந்தானையை மடிச்சிக்கிட்டே இருந்தாங்க.

நாத்தனார் சொன்னது இதுதான். எங்க வீட்ல வெச்சிப் பார்த்தப்ப கல்லு நல்லாத்தான் இருந்துச்சு. அந்தப் பொண்ணு கைக்குப் போன அப்புறம்தான் பையன் விழுந்தான். கல்லுக்குள்ள கருப்பா ஒண்ணு தெரியுது, நீயே பாரு. புள்ளி இருந்தா கல்லை மாத்திக் குடுங்க, நாங்க போயிட்டே இருக்கோம். புள்ளி இல்லன்னா...

அதுக்கு மேல அந்த அம்மா சொல்லல. சொல்ல வேண்டிய அவசியமும் இல்ல. கல்லு மேல குத்தம் இல்லன்னா பொண்ணு மேல குத்தம், ராசி இல்லாத பொண்ணு, சம்பந்தம் வேணாம். இதுதான் அந்த மிச்ச வார்த்தை.

நான் லென்ஸை எடுத்துப் பார்த்தேன். கருப்பா ஒண்ணு இருக்கத்தான் செஞ்சிச்சு. ஆனா அது கல்லுக்கு உள்ள இல்ல. கல்லுக்கு அடியில, தங்கம் பிடிச்சிருக்கிற இடுக்குல, காய்ஞ்சிப் போன மருதாணித் துகள். நிச்சயத்தன்னைக்கு கோன்ல போட்ட மருதாணி உதிர்ந்து உள்ள போயி உட்கார்ந்துக்கிச்சு. வெந்நீர்ல கொஞ்சம் சோப்புப் போட்டு பிரஷ்ஷால தேய்ச்சா போயிடும். நீங்கல்லாம் நாளைக்கே செய்யப் போற வேலை.

என் கை பிரஷ் பக்கம் போயிடுச்சு. தொட்ட கை அப்படியே நின்னுடுச்சு.

கழுவினா துகள் போயிடும், கல்லு சுத்தமா ஜொலிக்கும். கல்லு மேல குத்தம் இல்லன்னு நானே என் கையால காட்டிடுவேன். அடுத்த நிமிஷம் அந்தப் பழி நேரா போயி நாலு கடை தள்ளி நிக்கிற பவித்ரா தலையில விழும். கழுவாம, ஆமாம்மா, ஏதோ இருக்குதுன்னு ஒரு வார்த்தை சொன்னா போதும், கல்லை மாத்தி அனுப்பிடலாம், பொண்ணு தப்பிச்சிடுவா. ஆனா அது பொய். கூட்டத்துல பக்கத்துல நின்னவங்கெல்லாம் காதைத் தீட்டிக்கிட்டு இருக்காங்க, இந்தக் கடையில புள்ளி விழுந்த கல்லு விக்கிறாங்கன்னு விடியறதுக்குள்ள மேல்மலையனூர் வரைக்கும் போயிடும்.

எனக்கு வந்துச்சு பாருங்க ஒரு கோவம். ஒரு நாய் குறுக்க வந்ததுக்கு இத்தனை பாடா? ஆனா கோவத்தைக் காட்டுற இடம் கவுன்ட்டர் இல்ல. லென்ஸைக் கீழ வெச்சிட்டு, "வெயில் சாய்ஞ்சிடுச்சும்மா. லைட்டு வெளிச்சத்துல கல்லைப் பத்தி நான் வாயால சொல்ல மாட்டேன். மோதிரம் இங்க இருக்கட்டும், காலையில வாங்க, பகல் வெளிச்சத்துல உங்க கண்ணு முன்னாடியே பார்த்துச் சொல்றேன்"னேன். வைரத்தைக் காலை வெளிச்சத்துல பார்க்கிறதுதான் முறை, அதனால நாத்தனாரும் ஒத்துக்கிட்டாங்க. நான் பொய் சொல்லல. யோசிக்க ஒரு ராத்திரி வேணும்னு கேட்டு வாங்கிக்கிட்டேன், அவ்வளவுதான்.

பசங்களா, இதை நல்லாக் கேட்டுக்கோங்க. அவசரமா பதில் கேக்கிறவங்களுக்கு அவசரமா பதில் சொல்லணும்னு நமக்கு யாரும் சட்டம் போடல. கல்லு எங்கயும் ஓடிப் போயிடாது.

அவங்க போன உடனே முதலாளி கல்லாவை விட்டு எழுந்து வந்து லென்ஸை வெச்சிப் பார்த்தாரு. அவருக்கு அவரு கவலை. "மருதாணிதானே நூரம்மா? அப்பவே கழுவிக் காட்டியிருந்தா நம்ம பேரு நின்னிருக்குமில்ல?"ன்னாரு. நம்ம பேரு நிக்கும் முதலாளி, ஒரு பொண்ணு பேரு போயிடுமேன்னு சொன்னேன். அப்படின்னா பேசாம அதே சைஸ்ல வேற கல்லு மாத்திக் குடுத்துடு, அவங்களுக்கும் நிம்மதி, நமக்கும் தொல்லை விட்டுச்சுன்னாரு. நல்ல மனுஷன், எல்லாருக்கும் நல்லது நடக்கணும்னுதான் சொன்னாரு. காலை வரைக்கும் விடுங்கன்னேன். முணுமுணுத்துக்கிட்டே போனாரு, ஆனா விட்டாரு.

கடை மூடுற நேரத்துக்குக் கொஞ்சம் முன்னாடி பவித்ரா வந்தா. மெடிக்கல் கோட்டைக் கூடக் கழட்டல. "அக்கா, புள்ளி இருக்குதா?"ன்னு கேட்டா. மருதாணிடி, உங்க வீட்ல யாரு போட்டு விட்டாங்கன்னேன். சித்தி பொண்ணு போட்டா, காய்ஞ்சி உதிர்ந்துக்கிட்டே இருந்துச்சுக்கான்னு சொல்லிச் சிரிச்சா. சிரிச்சிக்கிட்டே இருந்தவ அப்படியே அழுதா. மோதிரம் இல்லாத விரலைத் தேய்ச்சிக்கிட்டே இருந்தா. தினேஷு இன்னா சொல்றான்னேன். கல்லாவது மண்ணாவதுன்னு சொல்லிட்டு வலி மாத்திரை போட்டுக்கிட்டுத் தூங்கிட்டாராம். ஆம்பிளைங்களுக்கு எப்பவும் தூங்க வசதியா ஒரு மாத்திரை கிடைச்சிடுது.

நான் அவகிட்ட எதையும் மறைக்கல. கழுவினா இன்னா ஆகும், கழுவலைன்னா இன்னா ஆகும்னு ரெண்டையும் சொன்னேன். அவ கேட்டுக்கிட்டா. யோசிக்கிறேன்கான்னு சொல்லிட்டு தொண்டூர் பஸ்ஸைப் பிடிக்க ஓடினா.

காலையில நான் வந்து ஷட்டரைப் பாதி கூடத் தூக்கல, கஸ்தூரியம்மா படியில உட்கார்ந்திருந்தாங்க. அனந்தபுரத்துல இருந்து முதல் பஸ்ல வந்திருக்காங்க. நாத்தனார் அடுத்த பஸ்ல வராங்களாம், அதுக்கு முன்னாடி உன்கிட்டத் தனியா பேசணும்மான்னாங்க. எனக்கு முந்தின நாள்ல இருந்தே அவங்க மேல மனசு சரியில்ல. நாத்தனார் பேசப் பேச வாயை மூடிக்கிட்டு இருந்தாங்களே, பொண்ணைத் தட்டிக் கழிக்க அவங்களும் உடந்தைதான்னு நினைச்சிருந்தேன். உள்ள கூட்டிட்டுப் போயி உட்கார வெச்சேன், தண்ணி குடுத்தேன்.

தண்ணியைக் குடிக்காம கையில வெச்சிக்கிட்டே சொன்னாங்க. "புள்ளி இருக்குதுன்னு சொல்லிடும்மா."

"இல்லியேக்கா. அது மருதாணி."

"தெரியும். வீட்லயே பார்த்தேன். ஊசி நுனியால நெம்பினா ஓரம் பேர்ந்து வந்துச்சு. அப்படியே விட்டுட்டேன். நீ கழுவாத."

எனக்கு ஒண்ணும் புரியல. தெரிஞ்சிக்கிட்டே ஏன்னு கேட்டேன்.

அந்த அம்மா என்னைப் பார்க்கல, தரையைப் பார்த்துக்கிட்டே பேசினாங்க. கல்யாணமாகி வந்து கொஞ்ச வருஷத்துல வீட்டுக்காரரு போனாரு. அவரு போனது லாரியாலன்னு போலீசுக்குத் தெரியும், ரோட்ல பார்த்தவங்களுக்குத் தெரியும். வீட்ல இருந்தவங்களுக்கு மட்டும் தெரியல. வந்த மகராசியால போனான்னு சொன்னாங்க. சாப்பாட்டுத் தட்டை வைக்கிறப்ப சொன்னாங்க, பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாச் சொன்னாங்க, மழை பெய்யலைன்னாலும் சொன்னாங்க. இன்னிக்கு வரைக்கும் அந்தப் பேச்சு அவங்களை விட்டுப் போகல. இப்ப தினேஷு விழுந்த அன்னைக்கு ஆஸ்பத்திரி வராண்டாவுல நாத்தனார் வாயில இருந்து அதே வார்த்தை வந்துச்சாம். இந்தத் தடவை பவித்ராவைப் பத்தி.

"எங்க வீட்டுக்காரரு போனப்ப பழியை ஏத்துக்க ஒரு கல்லு கூட என்கிட்ட இல்லம்மா. அதான் என் மேலயே போட்டுட்டாங்க. இந்தப் பொண்ணுக்காவது ஒரு கல்லு இருக்குதே. எல்லாம் அது மேல போயிடட்டும்."

ஒரு ராத்திரி பூரா இந்த அம்மாவைப் பத்தி நான் இன்னா நினைச்சிக்கிட்டு இருந்தேன், இவங்க இன்னா நினைச்சிக்கிட்டு இருந்திருக்காங்க. கல்லைக் குறை சொல்லணும்னு நாத்தனார் காதுல போட்டதே இவங்கதானாம். பொண்ணு மேல பேச்சு திரும்பறதுக்குள்ள கல்லைக் காட்டி விட்டிருக்காங்க. உங்க கடைப் பேரைக் கெடுக்க மாட்டேன்மா, ஒத்துக்கலைன்னு மட்டும் சொல்லு, ஊர்ல கேட்டா நானே பதில் சொல்லிக்கிறேன்னு என் கையைப் பிடிச்சிக்கிட்டாங்க.

உண்மையைச் சொல்றேன், நான் தலையாட்டிட இருந்தேன். ஒரு துகள். அதைக் கழுவாம விடுறது ஒரு பாவமான்னு தோணிச்சு. முதலாளியும் மாத்தத்தான் சொல்றாரு, இந்த அம்மாவும் மாத்தத்தான் சொல்றாங்க, கல்லு மாறினா நாத்தனாரும் அடங்கிடுவாங்க. எல்லாரும் சம்மதம்.

அப்பதான் எனக்கு உறைச்சிச்சு. மோதிரம் எந்த விரல்ல இருக்கப் போவுதோ அந்த விரலுக்குச் சொந்தக்காரியை யாருமே ஒரு வார்த்தை கேக்கல. நானும் நேத்து ரெண்டு பக்கத்தையும் எடுத்துச் சொன்னேனே தவிர, உனக்கு இன்னாடி வேணும்னு கேக்கல. கல்லை மாத்தறதா வேணாமான்னு உங்ககிட்ட யாரு வந்து நின்னாலும் சரி, மாமியாரு, அப்பா, அண்ணன், யாரா இருந்தாலும் சரி, போட்டுக்கப் போறவ வாயைத் திறக்கிற வரைக்கும் டூல்ஸைத் தொடாதீங்க. இந்த வேலையில நான் கத்துக்கிட்டதுல எனக்குப் பெருசாத் தோணுறது இதுதான்.

"அக்கா, என்கிட்டச் சொன்னதை அவகிட்டயே சொல்லுங்க. அப்புறம் நீங்க இன்னா சொன்னாலும் செய்றேன்"னேன். ஐயோ, அந்தச் சின்னப் பொண்ணுகிட்ட இதையெல்லாம் எப்படிச் சொல்றதுன்னு பதறிட்டாங்க. நான் விடல. மெடிக்கல்லுக்கு நானே நடந்து போயி பவித்ராவைக் கூட்டிட்டு வந்தேன்.

கஸ்தூரியம்மா சொன்னாங்க. எனக்குச் சொன்ன மாதிரி கோர்வையா வரல, அங்கங்க நின்னு நின்னு சொன்னாங்க. ஆஸ்பத்திரி வராண்டாவை மட்டும் விட்டுட்டாங்க, அதைச் சொன்னா பொண்ணு மனசு நோகும்னு. பவித்ரா அவங்க காலடியில தரையில உட்கார்ந்து கேட்டா. முடிஞ்ச அப்புறம் நிமிர்ந்து அவங்களைப் பார்த்துச் சொன்னா.

"எனக்காகத்தான் செய்றீங்க, தெரியுது அத்தை. இன்னிக்குக் கல்லைக் கழட்டிடலாம். நாளைக்கு அவருக்கு ஒரு காய்ச்சல் வந்தா நான் எதைக் கழட்டிக் குடுக்கிறது?"

அவ கேட்டது சரிதான். பழியை ஒரு தடவை கல்லு மேல ஏத்தினா, வீட்ல ஒண்ணு நடக்கிறப்பெல்லாம் எதையாவது ஏத்திக்கிட்டேதான் இருக்கணும், கடைசியில ஏத்த ஒண்ணும் மிச்சம் இல்லாம அந்தப் பொண்ணுகிட்டயேதான் வந்து நிக்கும். அத்தனை வருஷம் அதைச் சுமந்தவங்களுக்கு இது புரியாமலா போகும்? அந்த அம்மா பவித்ரா தலையில கையை வெச்சிக்கிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தாங்க. நான் எழுந்து போயி வெந்நீர் வெச்சேன்.

நாத்தனார் வந்தாங்க. பவித்ரா அங்க இருக்கிறதைப் பார்த்து முகம் மாறிச்சு. இன்னா, பார்த்துட்டியா, இருக்குதா இல்லியான்னு நேரா என்கிட்டக் கேட்டாங்க. நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன், அதுக்கு முன்னாடி கஸ்தூரியம்மா, "கழுவும்மா"ன்னாங்க.

வாசல் பக்கம், நல்ல வெளிச்சத்துல, எல்லாரும் பார்க்கக் கழுவினேன். பிரஷ்ஷை நாலு இழுப்பு இழுத்திருப்பேன், கிண்ணத்துத் தண்ணியில செம்பழுப்பா ஒரு பொட்டு மிதந்துச்சு. மோதிரத்தைத் துடைச்சி லென்ஸோட நாத்தனார் கையில குடுத்தேன். அவங்களும் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாங்க, திருப்பித் திருப்பிப் பார்த்தாங்க. மருதாணிம்மா, கல்லு சுத்தமா இருக்குது, மாத்த வேண்டிய அவசியம் இல்ல, இந்தக் கவுன்ட்டர்ல நின்னு நான் சொல்றேன்னு சொன்னேன். கல்லாவுல இருந்து முதலாளி நிம்மதியா மூச்சு விட்டது எனக்குக் கேட்டுச்சு.

நாத்தனார் மோதிரத்தைத் தட்டுல வெச்சாங்க. "அப்ப கல்லுல குறை இல்ல"ன்னு மெதுவாச் சொன்னாங்க. சொல்லிட்டு பவித்ராவைப் பார்த்தாங்க.

அந்தப் பார்வை போய்ச் சேர்றதுக்குள்ள கஸ்தூரியம்மா எழுந்து வந்து தட்டுல இருந்த மோதிரத்தை எடுத்துட்டாங்க. இன்னொரு கையால பவித்ரா கையைப் பிடிச்சாங்க.

"கஸ்தூரி, நீ போடாத"ன்னாங்க நாத்தனார். கோவமாக் கூட இல்ல, பதட்டமாத்தான் சொன்னாங்க. "பையன் எழுந்து நடந்து வந்து போடட்டும். இல்லன்னா குடு, நான் போடுறேன்."

உங்கள்ல சில பேருக்கு இது புரியாம இருக்கலாம். புருஷன் இல்லாதவங்க இந்த மாதிரி நல்ல காரியத்துல கை வைக்க மாட்டாங்க, வைக்கவும் விட மாட்டாங்க. நிச்சயத்தன்னைக்கு ஸ்டேஜ்ல தட்டு மாத்தினது நாத்தனார்தான். பவித்ரா அனுப்பின போட்டோவுல நான் தேடித் தேடிப் பார்த்தேன், பெத்த அம்மா எதுலயும் இல்ல. பின்னாடி எங்கயோ சாப்பாட்டுப் பந்தியைப் பார்த்துக்கிட்டு நின்னிருக்காங்க. அது அவங்களுக்கே பழகிப் போயிடுச்சு, அதனால நாத்தனார் சொன்ன உடனே மோதிரம் பிடிச்ச கை தானா பின்னாடி போச்சு.

பவித்ரா விரலை நீட்டினா. "நீங்கதான் போடணும் அத்தை"ன்னா.

கஸ்தூரியம்மா போட்டாங்க. விரல் முட்டியில கொஞ்சம் இறுக்கிச்சு, மெதுவாத் திருப்பித் திருப்பித் தள்ளினாங்க. நான் கவுன்ட்டருக்குக் கீழ ஏதோ தேடுற மாதிரி குனிஞ்சிக்கிட்டேன், என்னால அழுகையை அடக்க முடியல. அங்க குனிஞ்சிக்கிட்டு இருந்தப்பதான் அந்த அம்மா குரல் கேட்டுச்சு. அத்தனை வருஷத்துல அந்த நாத்தனார்கிட்ட அவங்க அப்படிப் பேசினது அதுதான் முதல் தடவையா இருக்கும்.

"அண்ணி, இனிமே எங்க வீட்ல எது நடந்தாலும் என்னைக் கேளுங்க. இவளைக் கேக்காதீங்க."